நகரி அக்கா கேட்காமல் போன கடைசிப் பக்கங்கள்

எழுதத் தெரியாதவள் எழுதுகிறேன், யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஐந்தாவதோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. எழுத்து கோணலாக வருகிறது. நேற்று என்ன குழம்பு வைத்தேன் என்று கேட்டாலே யோசித்துத்தான் சொல்கிறேன், இதில் பழைய கதை எங்கே ஒழுங்காக வரும். சங்கத்து மலருக்கு எழுதுங்கள், வாசிப்புக் கூட்டத்தைப் பற்றி உங்களை விட்டால் எழுத ஆள் இல்லை என்று வீடு தேடி வந்து சொன்னார்கள். நாலு பேர் எதிரில் வாய் திறக்காத நான்தான் அந்தக் கூட்டத்தில் புத்தகம் வாசித்தேன், அது உண்மை. அதைப் பெருமையாக எழுதச் சொல்கிறார்கள். எனக்கு அது தனியாக நினைவுக்கு வருவதில்லை. நகரி அக்காவோடு சேர்ந்துதான் வருகிறது.

அப்போது எழுபதுகளின் நடுவில். திருத்தணி ஸ்டேஷனுக்குப் போகிற சந்தில் சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதுதான் கைத்தறிச் சங்கம். முன்பாதியில் ஆண்கள் பேப்பர் படிப்பார்கள், பீடி குடிப்பார்கள், வாதம் பண்ணுவார்கள். பின்பாதி சனிக்கிழமை சாயங்காலம் பெண்களுக்கு. செயலாளர் அண்ணன் ஏற்பாடு அது. அவரும் தறிக்காரர்தான், பத்தாவது வரை படித்தவர், சாமி கும்பிடாதவர். எங்கே போனாலும் சைக்கிள் ஹேண்டிலில் ஒரு துணிப்பை தொங்கும், அதில் புத்தகம் இருக்கும். பெண்கள் சங்கத்துக்கு வந்தால் தார் யார் சுற்றுவது என்று வீட்டில் கேட்டார்கள். தறியில் குறுக்கே ஓடுகிற நூலைச் சின்னக் குழலில் சுற்றிக் கொடுப்பதுதான் தார், அது எங்கள் வேலை. "ராட்டினத்தத் தூக்கிகினு வாங்க. கை சுத்தட்டும், காது கேக்கட்டும்" என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

அப்படியே போனோம். ஒருத்தி வாசிக்க, மற்றவர்கள் ராட்டினம் சுற்றுவார்கள். கூச்சம் பிடித்த என்னை எப்படி வாசிக்க வைத்தார்கள் என்றால், அந்தக் கூட்டத்தில் எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வேன். எதிரில் இருப்பவர்கள் தெரிய மாட்டார்கள், குரல் தானாக வந்துவிடும். கதையில் யாருக்காவது கஷ்டம் வந்தால் ராட்டினச் சத்தம் ஒவ்வொன்றாக நிற்கும். எல்லாம் நின்றுவிட்டால், சரி, இப்போது அழுகிறார்கள் என்று தெரிந்துகொள்வேன். சனிக்கிழமை சுற்றிய தார் மட்டும் ஏன் குறைகிறது என்று தறிக்குப் பாவு நூல் கொடுக்கிற முதலாளி வீட்டில் கேட்பார்களாம்.

நகரி அக்கா என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். நகரிப் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்ததால் அந்தப் பெயர். வீட்டில் தெலுங்கு, வெளியில் நம் தமிழ், இரண்டிலும் ஒரு எழுத்து தெரியாது. என்னைச் செல்லி என்றுதான் கூப்பிடுவாள், தெலுங்கில் தங்கை. கதை கேட்கிறபோது சும்மா இருக்க மாட்டாள்.

"செல்லி, நில்லு. அந்தப் பொம்பள காலைலேர்ந்து நடந்துகினே கீறா. இன்னா துண்ணா?"

"அது எழுதலக்கா."

"எழுதினவன் துண்ணுட்டு எழுதியிருப்பான். அதான் மறந்துட்டான்."

செயலாளர் அண்ணன் கவிதை எழுதுவார். எழுதியதைச் சில வாரம் எங்களிடமும் படித்துக் காட்டுவார். பெரிய பெரிய வார்த்தையாக இருக்கும். படித்து முடித்து எப்படி இருக்கிறது என்பார். நாங்கள் தரையைப் பார்ப்போம். அக்கா ஒருமுறை, "நல்லா கீதுண்ணா. யாரு மேல கோவம்?" என்று கேட்டாள். ஆண்கள் பக்கம் சிரித்த சிரிப்பில் தகரமே அதிர்ந்தது. அண்ணனும் சிரித்துவிட்டார்.

அந்த அக்காவுக்கு மருள் வரும். அவள் வீட்டுத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுத்து மலை ஏறினால் பம்பை மேளச் சத்தத்தில் சாமி வந்து ஆடுவாள். குறி கேட்க ஆட்கள் சூழ்ந்துகொள்வார்கள். அது பழகிப்போய், வெள்ளிக்கிழமை ஆனால் வாசலில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். காணாமல் போன ஆடு, கூடி வராத கல்யாணம், எல்லாவற்றுக்கும் அவள் ஆடிச் சொல்ல வேண்டும். அவள் வீட்டுக்காரர் பாய் போட்டு உட்கார வைப்பார். ஆடி முடித்தால் இரண்டு நாள் எழுந்திருக்க மாட்டாள். வெறுத்துப்போய்க் காவடி எடுப்பதையே நிறுத்தியிருந்தாள்.

இதை அவளே ஒரு சாயங்காலம் ராட்டினத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும்போது என்னிடம் சொன்னாள். "வூட்ல நான் சாமியாடி, செல்லி. இங்க வந்தாதான் கத கேக்கறவ. இங்க ஒருத்தரும் என்ன கும்புடறது இல்ல, பாத்தியா? அத்தினி சொகமா கீது." கொஞ்ச தூரம் போனதும், "காவடி மலையேறச்ச பம்பையில அடிப்பாங்களே, அந்த மலையேற அடி அடிச்சாங்கன்னா போச்சி. என் முட்டி என் பேச்சக் கேக்காது" என்றாள்.

நான் ஆங் என்று கேட்டுக்கொண்டேன். கேட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. மற்றது எல்லாம் மறந்தாலும் அது மறக்கவில்லை.

அந்த வருஷம் கூலி உயர்வு கேட்டு ஊர்வலம் போவதாக முடிவானது. ஆடி மாதம், கிருத்திகைக்கு முன்னால். வியாபாரம் நடக்கிற சமயம், அப்போது கேட்டால்தான் முதலாளிகளுக்கு உறைக்கும் என்று கணக்கு. பஸ் ஸ்டாண்டிலிருந்து தாலுகா ஆபீஸ் வரை போய் மனு கொடுப்பது. ஊர்வலத்துக்குப் பாட்டு வேண்டும். அண்ணன் எழுதிக் கொடுத்தார், பாட யாராலும் முடியவில்லை. மூச்சு வாங்கியது. "பொம்பளைங்க வாயில வர்ற மாதிரி நீயே மாத்திக் குடும்மா" என்று என்னிடம் கொடுத்துவிட்டார்.

அடுப்படியில் உட்கார்ந்து யோசித்தேன். எனக்குத் தெரிந்த மெட்டு, எல்லாருக்கும் தெரிந்த மெட்டு, காவடி மெட்டுதான். பிறந்ததிலிருந்து கேட்கிறோம். நானே இரண்டு அடி கட்டினேன்.

*தாரு சுத்தித் தேஞ்ச வெரலு ஏறுதடி ஏறுது*
*கூலி கேட்டு நம்ம கூட்டம் ஏறுதடி ஏறுது*

இன்னும் சில அடிகள் இருந்தன, இப்போது வரவில்லை. முதலில் அக்காவின் காதில்தான் பாடினேன். "அடியம்மா, இது நீ கட்னதா? வாய்க்குள்ள பூட்டு போட்டுகினு கீறியே, உள்ள இத்தினி வெச்சிருக்கியா!" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். வெறும் வாயால் பாடியதில் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கைதட்டிக்கொண்டு கூடப் பாடினாள்.

என் வீட்டுக்காரரின் அண்ணன், நாங்கள் பாவா என்று கூப்பிடுவோம், அவர் தறி நெய்கிறவர், கிருத்திகை வந்தால் காவடிக்குப் பம்பை அடிக்கிறவர். ஊர்வலத்துக்குப் பம்பை கொண்டு வருகிறேன் என்று அவரே சொன்னார். முதல் நாள் வீட்டில் அடித்துக் காட்டினார்.

"சாதா அடி அடிக்கட்டா, மலையேற அடி அடிக்கட்டாம்மா? சாதா அடியில உன் பாட்டு தூங்கி வழியுது."

எனக்கு அந்த நிமிஷம் அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. வரவில்லை என்று எழுதினால் பொய். வந்தது. ஆனால் அவர் மலையேறுகிற அடியை அடித்தபோது என் பாட்டு எழுந்து நின்றது. என் வாயிலிருந்து வந்த வார்த்தை அவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்கே அதுவரை தெரியாது. தலையை ஆட்டினேன். அது சாமிப் பாட்டு இல்லையே, கூலிப் பாட்டுதானே, அக்காவுக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் செயலாளர் அண்ணன், சலவைச் சட்டை, கையில் மனு. பின்னால் கொடி. அதற்குப் பின்னால் பெண்கள், எங்கள் பக்கவாட்டில் பாவா பம்பையோடு. கடைத்தெருவில் எல்லாரும் வெளியே வந்து பார்த்தார்கள். என் பாட்டை அத்தனை பேர் பாடுகிறார்கள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளுக்குள் பூரித்துப்போய் நடந்தேன். மலைக்குப் பிரிகிற சாலை வந்தது. கிருத்திகைக்கு முன்கூட்டியே வந்த கூட்டம், மஞ்சள் துணியும் மொட்டைத் தலையுமாக அங்கே நின்றது. அவர்களைக் கண்டதும் பாவாவுக்கு உற்சாகம். அடியை இறுக்கினார்.

பக்கத்தில் நடந்த அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். கை ஜில்லென்று இருந்தது. "செல்லி, அவர நிறுத்தச் சொல்லு" என்றாள். பாவா நாலு ஆள் தள்ளி இருந்தார். கத்திக் கூப்பிட வேண்டும். தெருவில், அத்தனை ஆண்களுக்கு நடுவில் கத்தி எனக்குப் பழக்கம் இல்லை. "பாவா" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

அக்காவின் கொண்டை அவிழ்ந்தது. கையை விட்டுவிட்டு முன்னால் ஓடினாள். கொடியைத் தாண்டி, மனுவைத் தாண்டி, சாலை நடுவில் ஆடினாள். யாத்திரைக்காரர்கள் அரோகரா என்று கத்தினார்கள். யாரோ குடத்துத் தண்ணீரைக் காலில் ஊற்றினார்கள், யாரோ கற்பூரம் கொளுத்தினார்கள். பம்பை நிற்கவில்லை. சாமி வந்த பிறகு நடுவில் நிறுத்தினால் குற்றம் என்பது பாவாவின் தொழில் முறை. "எந்தச் சாமி வந்துகீது, சொல்லு தாயே" என்று ஒரு கிழவர் கேட்டார். "என் எருமை மூணு நாளா காணோம், எந்தப் பக்கம் போச்சி?" என்று ஒருவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். அக்கா யாருக்கும் பதில் சொல்லவில்லை. மலைப் பக்கம் திரும்பி ஆடிக்கொண்டே போனாள். எங்கள் ஊர்வலத்தில் பாதி, சங்கத்துப் பெண்கள் உள்பட, கன்னத்தில் போட்டுக்கொண்டு அவள் பின்னால் மலையடியில் இருக்கிற சரவணப்பொய்கைக் குளத்துக்குப் போய்விட்டது. செயலாளர் அண்ணன் மிச்சம் நின்ற சிலரோடு தாலுகா ஆபீசுக்குப் போய் மனுவைக் கொடுத்தார்.

மறுநாள் டீக்கடையில் முதலாளி வீட்டுக் கணக்குப்பிள்ளை என் வீட்டுக்காரரிடமே கேட்டாராம். "இன்னாப்பா, கூலிய ஏத்தச் சொல்லி முருகன்கிட்டயே மனு குடுத்துட்டீங்களாமே? வாங்கிகினாரா?"

அந்தச் சனிக்கிழமை சங்கத்தில் வாசிப்பு இல்லை. எல்லாரையும் உட்கார வைத்து அண்ணன் பேசினார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த அவமானம் அவரால் தாங்க முடியவில்லை. அக்கா சுவரோரம், வழக்கமான இடத்தில், ராட்டினத்தை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றவில்லை.

"ஊர்வலத்துக்குக் காவடி மெட்டு போட்டது யாரு? அந்த அடி அடிக்கச் சொன்னது யாரு?"

பாவா என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். தம்பி பெண்டாட்டியைச் சபையில் அவர் சொல்ல மாட்டார். நான்தான் சொல்ல வேண்டும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அப்போது அக்கா பேசினாள்.

"நான்தாண்ணா கேட்டேன். அந்த மெட்டுல பாடினா நல்லா இருக்கும்னு நான்தான் சொன்னேன்."

அண்ணன் அவள் பக்கம் திரும்பினார். "இத்தினி நாளா இங்க உக்காந்து கேட்டியேம்மா, அது எல்லாம் எங்க போச்சி? உனக்குப் படிச்சிக் காட்டினது எல்லாம் வீண். கொஞ்ச நாளைக்கு நீ இங்க வராத இரு."

அக்கா ராட்டினத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். என்னைத் தாண்டும்போது என் தோளில் இலேசாகக் கை வைத்துவிட்டுப் போனாள். அது சமாதானமா, வேறு என்னவா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் பாவா ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "உன்னக் காட்டிக் குடுக்கல, பாத்தியா." அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

அப்போது நாங்கள் ஒரு கதையின் நடுவில் இருந்தோம். அட்டையும் முன்பக்கங்களும் கிழிந்துபோன தடிப் புத்தகம், பெயர் தெரியாது, எழுதினவர் பெயரும் தெரியாது. மில் கதவடைப்பில் காணாமல் போன புருஷனைத் தேடி ஒரு பெண் ஊர் ஊராக, மில் மில்லாகப் போகிறாள். ஒவ்வொரு கேட்டிலும் காவல்காரன் ஒவ்வொரு மாதிரி சொல்கிறான். அந்தப் பெண்ணுக்குச் சாப்பாடு எங்கே என்றுதான் அக்கா சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "அவன் கெடைப்பான், நீ வேணா பாரு" என்று அடித்துச் சொல்வாள். மற்ற பெண்கள் செத்திருப்பான் என்பார்கள். வாசித்த இடத்துக்கு அடையாளமாக அறுந்த நூல் ஒன்று வைப்போம். அக்கா கதை கேட்ட கடைசிச் சனிக்கிழமை வைத்தது அவள் மடியிலிருந்து கொடுத்த அரக்கு நிற நூல்.

ஒரு நாள் புத்தகத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் குறி கேட்கிறவர்கள் முன்னைவிட அதிகமாக இருந்தார்கள். ஊர்வலத்தில் ஆடியது ஊரெல்லாம் தெரிந்துவிட்டதே. பின்பக்கமாகப் போனேன். அக்கா தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் வாசிக்கட்டா?"

"வேணாம் செல்லி. இங்க எப்பிடி கேக்கறது? வாசல்ல பாத்தியா, வெத்தல பாக்கோட கீறாங்க. அங்க அந்த மூலையில உக்காந்து கேக்கறது வேற. அண்ணன் கொஞ்ச நாள்னுதானே சொன்னாரு? கோவம் ஆறட்டும், வந்து கேட்டுக்கறேன். நீங்க முடிச்சிட்டா கூட எனக்கு முடிவ மட்டும் சொல்லிடாத."

"நான் சொல்லிடட்டாக்கா? அண்ணன்கிட்ட? அது நான்தான்னு?"

தறி மிதிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ சொல்லுவியா?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, ஆசையாகத்தான் கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "சரி உடு" என்று மறுபடியும் மிதித்தாள்.

அந்தக் கதையை நாங்கள் தொடர்ந்து வாசித்து முடித்தோம். நான்தான் வாசித்தேன். புத்தகம் முகத்தை மறைத்தாலும் அதன் ஓரத்தில் அந்தச் சுவர் மூலை தெரியும். காலியாக இருக்கும். சீக்கிரம் முடித்தால் போதும் என்று கடைசிப் பக்கங்களை ஓட்டி ஓட்டி வாசித்தேன். எத்தனை ராட்டினம் நின்றது என்றுகூட நான் கவனிக்கவில்லை.

தீபாவளி கழித்து அண்ணனே கேட்டார். "அந்த நகரி அம்மா ஏன் வர்றதில்ல? கொஞ்ச நாள்னுதானே சொன்னேன். நான் அன்னிக்குக் கொஞ்சம் அதிகமா பேசிட்டேன். நீ போய்க் கூப்புடும்மா." நான் ஆங் என்றேன். போகவில்லை. அக்கா திரும்பி வந்தால் என்றைக்காவது பேச்சு வரும், மெட்டு யாருடையது என்று தெரியும், அண்ணன் என்னைப் பார்க்கிற பார்வை மாறும் என்று பயம். இன்றைக்கு, நாளைக்கு என்று பொங்கல் வந்துவிட்டது. பொங்கல் கழித்துப் போனபோது வீடு பூட்டியிருந்தது. நகரிப் பக்கம் பவர்லூம் நிறைய வந்துவிட்டது, குடும்பத்தோடு அங்கேயே போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கூலி பிறகு கொஞ்சம் ஏறியது. என் பாட்டை அதன் பிறகு எந்த ஊர்வலத்திலும் பாடவில்லை.

எத்தனையோ வருஷம் கழித்து, எண்பதுகளில், திருத்தணி பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். நகரி வழியாகப் போகிற புத்தூர் பஸ் ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள். பேரனுக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போட்டிருந்தாள், தலையெல்லாம் சந்தனம். அவள்தான் முதலில் அடையாளம் கண்டாள்.

"செல்லி! ஏய் செல்லி! இன்னா இப்பிடி எளச்சிப் போய்ட்டே?"

ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்பு கேட்க வாய் எடுத்தேன், டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். அக்கா சத்தமாகக் கேட்டாள்.

"அந்தப் பொம்பளைக்கு அவன் கெடச்சானா?"

முடிவைச் சொல்லிவிடாதே என்றவள் அவளாகவே கேட்டாள். நான், "ஆங், கெடச்சிட்டான்க்கா" என்றேன். தெருவில் சத்தமாகப் பேசியது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

"நான் சொன்னேன் இல்ல!" என்று கையைத் தட்டினாள். பஸ் போய்விட்டது.

போன பிறகுதான் யோசித்தேன். கிடைத்தானா? கடைசி மில்லின் கேட்டில் அந்தப் பெண் நிற்கிறாள், ஷிப்ட் விட்டு ஆட்கள் வருகிறார்கள், தலையில் துண்டு கட்டிய ஒருவன் முதுகு காட்டிப் பீடி பற்ற வைக்கிறான். அதுவரை எனக்குத் தெரிகிறது. அவன் திரும்புகிறான், அவன்தான் என்று ஒரு நாள் தோன்றுகிறது. வேறு ஆள் என்று ஒரு நாள் தோன்றுகிறது. அக்கா இல்லாத கூட்டத்தில் ஓட்டி ஓட்டி வாசித்தது மனதில் ஒட்டவில்லை. கொட்டகையைப் பிரித்துக் கட்டியபோது அந்தப் புத்தகத்தைத் தேடினேன். பாதிக்கு மேல் கரையான் தின்றிருந்தது.

அதனால் இந்த மலரைப் படிக்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஊர்வலம் கிருத்திகைக்கு எத்தனை நாள் முன்னால் நடந்தது, பம்பை கொடிக்கு முன்னால் போனதா பின்னால் போனதா, இதெல்லாம் நான் தப்பாக எழுதியிருந்தால் அந்தக் காலத்து ஆட்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். மெட்டு மட்டும் என்னுடையது, அதைத் திருத்த வேண்டாம். இப்படி ஒரு கதை உங்களில் யார் வீட்டிலாவது அட்டையோடு இருந்தால் கடைசிப் பக்கங்களைப் பார்த்துச் சொல்லுங்கள், அவன் கிடைத்தானா இல்லையா என்று. நகரிக்கு இப்போதும் பஸ் போகிறது. அக்கா இருக்கிறாளோ என்னவோ. நான் சொன்னது தப்பு என்றால், இந்தத் தடவையாவது நானே போய்ச் சொல்ல வேண்டும்.